உருவப்படம் வரைந்து வாழ்வது: முதல் ஆர்டரிலிருந்து கண்காட்சிச் சுவர் வரை

உருவப்பட ஓவியருக்கு இந்தக் காலத்தில் வேலை இருக்கிறதா என்றுதான் இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்கிறார்கள். இருக்கிறது. பிளெக்ஸ் வந்த பிறகு பேனரும் கட்-அவுட்டும் வரைந்த பெரிய கூட்டமே தொழிலை விட்டுப் போனது உண்மை. ஆனாலும் கூடத்தில் மாட்ட அப்பா அம்மா படம், அறுபதாம் கல்யாணத்துக்குத் தம்பதி படம், பள்ளிக்கூடத்துக்கு நிறுவனர் படம், சங்கக் கட்டடத்துக்குத் தலைவர் படம் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் இன்னும் வருகிறார்கள். போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவது மிகவும் மலிவு. அது தெரிந்தும் கையால் வரைந்த படம் வேண்டும் என்றுதான் வருகிறார்கள். அந்த ஆசைக்கு மரியாதை செய்யத் தெரிந்தவருக்கு இந்தத் தொழில் சோறு போடும்.

ஆனால் இது இயற்கைக் காட்சி வரைவதைப் போன்ற வேலை இல்லை. மலையை வரைந்தால் மலை வந்து பார்க்காது. முகத்தை வரைந்தால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர், அவர் மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் படத்தில் பங்கு உண்டு. அதனால் படத்தை மற்றவர்களோடு பகிர்வது என்பதைப் படம் முடிந்த பிறகு செய்யும் காரியமாக நினைக்காதீர்கள். ஆர்டர் பேசுகிற நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இது வரும்.

எண்ணெய் வண்ணத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பென்சில், நீர் வண்ணம், அக்ரிலிக் வரைகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் படி: வெளிச்சம்

ஓவியர் அறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று பெரும்பாலான பாடப் புத்தகங்களில் இருக்கும். ஐரோப்பாவில் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கே சாய்ந்தே போவதால் வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது. ஒளி ஒரே மாதிரி நிற்கும். தமிழ்நாட்டில் இந்த விதியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். சென்னை கிட்டத்தட்ட 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் இது இன்னும் முன்னதாகத் தொடங்கி இன்னும் தாமதமாக முடியும். மார்ச் முதல் செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் எட்டிப் பார்க்கும்.

ஆகவே வடக்கு ஜன்னல் கிடைத்தால் நல்லது, ஆனால் அதில் ஒரு வெள்ளை மல் துணித் திரையும் தொங்கட்டும். கோடையில் வெயில் விழும் நேரங்களில் இழுத்துவிட்டால் ஒளி பரவி மென்மையாகும். அறைச் சுவர் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அந்த நிறம் முகத்தின் நிழல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். மங்கலான சாம்பல் அடித்துவிடுங்கள். வாடகை வீட்டில் சுண்ணாம்பு அடிக்க அனுமதி இல்லை என்றால் சாம்பல் நிற வேட்டித் துணியைத் தொங்கவிட்டாலும் போதும்.

வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் வரைகிறவர்கள் பகல் வெளிச்ச எல்.இ.டி. விளக்கு வாங்கும்போது டப்பாவில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 90-க்கு மேல் இருக்க வேண்டும், நிறம் 5,000 கெல்வின் அருகே. சாதாரணக் குழல் விளக்கில் கலந்த தோல் நிறம் காலையில் பார்த்தால் பச்சை பூத்தது போல் இருக்கும்.

இரண்டாம் படி: கையைப் பழக்குவது

தலையின் அளவுகளை ஒருமுறை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை எடுத்தால் கண்கள் சரிபாதியில் இருக்கும். தொடக்கக்காரர் எல்லோரும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். நெற்றியும் மண்டையும் இவ்வளவு பெரிதா என்று நம்ப மனம் வராது. முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து முகவாய், மூன்றும் ஏறக்குறைய சமம். இரண்டு கண்ணுக்கு நடுவே இன்னொரு கண் வைக்கலாம். இதெல்லாம் சராசரி. ஒருவருக்கு இந்த அளவு எங்கே மாறுகிறதோ அங்கேதான் அவருடைய ஜாடை இருக்கிறது. அளவைத் தெரிந்துகொள்வதே அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

தினமும் ஒரு தலையாவது வரையுங்கள். கண்ணாடியில் தெரிகிற உங்கள் முகம் காசு கேட்காது, அசையாது, எந்த நேரமும் கிடைக்கும். அப்புறம் ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், அரசு மருத்துவமனை வரிசை. அங்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் ஒரே மாதிரி உட்கார மாட்டார்கள், அதனால் கண் வேகமாகும். 2007-இல் சியாட்டிலில் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கத்தின் பாணியில் இன்று பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடி வரைகிற குழுக்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் இருந்தால் போய்ச் சேருங்கள். இல்லையென்றால் இரண்டு பேராக நீங்களே ஆரம்பியுங்கள். வெட்டவெளியில், பின்னால் நான்கு பேர் நின்று பார்க்கப் பார்க்க வரைந்து பழகியவருக்கு ஆர்டர் கொடுத்தவர் முன்னால் கை நடுங்காது.

நல்ல படங்களை நேரில் பாருங்கள். போன் திரையில் பார்ப்பது கணக்கில் வராது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ரவி வர்மா ஓவியங்கள் இருக்கின்றன; செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கவர்னர்களும் அரச குடும்பத்தாரும் ஆளுயரத்துக்கு எண்ணெய் ஓவியங்களாக நிற்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள், பிறகு பதினைந்தடி தள்ளி வந்து பாருங்கள். அருகே வெறும் நான்கு தீற்றலாகத் தெரிந்தது தூரத்தில் பட்டுத் துணியாக மாறும். எவ்வளவு குறைவாக வரைந்தால் போதும் என்பதை இப்படிப் பார்த்துத்தான் கற்க முடியும்.

மூன்றாம் படி: நம் தோலுக்கான வண்ணங்கள்

வண்ணப் பெட்டி சின்னதாக இருக்கட்டும். ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் அறியப்படும் தட்டில் நான்கே நிறங்கள்: வெள்ளை, எல்லோ ஆக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக். கறுப்பும் வெள்ளையும் கலந்தால் வரும் சாம்பலே இதில் நீல வேலையைச் செய்துவிடும். ஒரு மாதம் இந்த நான்கை மட்டும் வைத்து வரைந்தால் கலவை கைவந்துவிடும். வெர்மிலியனுக்குப் பதில் கேட்மியம் ரெட் லைட் போதும்.

ஆனால் நம் தோலுக்கு இதோடு பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம் நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலை வரையும்போது அதிகம் நடக்கும் தவறு, வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளையை அள்ளிப் போடுவது. தோல் சாம்பல் பூசியது போல் செத்துப் போகும். வெளிச்சப் பக்கத்தை எல்லோ ஆக்கராலும் கொஞ்சம் சிவப்பாலும் தூக்குங்கள். வெள்ளை கடைசியில், கொஞ்சமாக. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் மின்னும் இடம் இருக்கிறதே, அதற்குத் தோலின் நிறம் கிடையாது. விழுகிற வெளிச்சத்தின் நிறம்தான். ஜன்னல் ஒளி என்றால் அது லேசான நீலம். கறுத்த தோலில் இந்த மினுக்கம் அழுத்தமாகத் தெரியும், அதைச் சரியான இடத்தில் வைத்தால் முகம் உயிர்பெற்று எழும். நிழலை வெறும் கறுப்பால் மூடாதீர்கள். அலிசரினும் பர்ன்ட் சியன்னாவும் கொஞ்சம் நீலமும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற நிழல் கிடைக்கும்.

வாடிக்கையாளர் சிலர் "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க" என்று கேட்பார்கள். தோலை வெளுக்கச் சொல்கிறார்கள். இதில் என் நிலை உறுதியானது: செய்வதில்லை. கோபப்படாமல், படத்தில் வெளிச்சத்தைக் கூட்டித் தருகிறேன், ஆளை மாற்ற மாட்டேன் என்று சொல்வேன். அந்த நிறத்தின் அழகை நன்றாக வரைந்து காட்டிவிட்டால் அநேகமாக யாரும் திரும்பக் கேட்பதில்லை. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜா, 2021-இல் கொரோனாவில் இளம் வயதிலேயே போய்விட்டார். நம் வீட்டுப் பெண்களின் மாநிறத்தையும் கறுப்பையும் அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தையும் அவர் வரைந்த விதம், தமிழ் வாசகர்களின் கண்ணையே மாற்றியது. அந்தப் படங்களுக்கு முன்னால் யாரும் நிறம் குறைவு என்று சொல்ல மாட்டார்கள்.

டைட்டானியம் வெள்ளை வாங்குங்கள். ஜிங்க் ஒயிட் நாளாக நாளாக மொறுமொறுத்து வெடிக்கக்கூடியது. பணம் குறைவாக இருந்தால் வண்ணத்தின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். மாணவர் வகையைவிட ஆர்டிஸ்ட் வகை ட்யூபில் நிறப்பொருள் அதிகம்.

நான்காம் படி: ஆர்டர் பேசும் நாள்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். நல்ல ஓவியர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

வருகிறவரை உட்காரவைத்து முதலில் மூன்று விஷயம் கேளுங்கள். படம் எந்தச் சுவரில் மாட்டப்படும்? யார் யார் அதைப் பார்ப்பார்கள்? எந்தத் தேதிக்கு வேண்டும்? சுவர் தெரிந்தால் அளவு தெரியும். மார்பளவுப் படத்துக்கு 18-க்கு 24 அங்குலம் வசதியானது. கைகளும் தெரிய வேண்டுமென்றால் 24-க்கு 36. முகத்தை நிஜ அளவைவிடக் கொஞ்சம் சின்னதாக வைப்பதே நல்லது. நிஜ அளவைத் தாண்டினால் அறைக்குள் ஒரு பெரிய தலை முறைத்துப் பார்ப்பது போல் ஆகிவிடும். தேதி முக்கியம், ஏனென்றால் எண்ணெய் வண்ணம் அவசரத்துக்குக் காயாது. திதி, மணிவிழா, கட்டடத் திறப்பு என்று நாள் குறித்து வருகிறவர்களிடம் இரண்டு மாதம் குறைந்தபட்சம் கேளுங்கள்.

யார் சம்மதம் சொன்னால் படம் முடிந்ததாகக் கணக்கு என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். ஒரு குடும்பத்தில் அண்ணன் சரி என்பார், தங்கை மூக்கைத் திருத்தச் சொல்வார், சித்தப்பா வந்து மீசை இப்படி இல்லை என்பார். எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் வாக்கே கடைசி வாக்காக இருக்க வேண்டும்.

விலையைக் கணக்குப் போடச் சொல்கிறேன். உங்கள் ஒரு நாள் உழைப்புக்கு என்ன கூலி என்று முடிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மார்பளவுப் படத்துக்கு எட்டு முழு நாள் பிடிக்கும் என்றால் 16,000. கேன்வாஸ், வண்ணம், போக்குவரத்து தனி. சட்டம் தனி. இரண்டாவது ஆள் படத்தில் சேர்ந்தால் வேலை இரட்டிப்பாகாது, ஆனால் பாதிக்கு மேல் கூடும். இதைச் சொல்லும்போது தலை குனிய வேண்டாம். கொத்தனாரும் தச்சரும் நாள்கூலி சொல்லும்போது யாரும் அதைக் கலைக்கு இழுக்கு என்று நினைப்பதில்லை. முன்பணம் பாதி, அடிப்படம் (வண்ணத்துக்கு முன் ஒரே நிறத்தில் போடும் படம்) பார்த்துச் சம்மதித்ததும் கால், எடுத்துப்போகும்போது மீதி என்று பிரித்தால் இரு பக்கமும் நிம்மதி.

இனி காகிதம். இந்தியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவை ஒவ்வொரு உருவப்பட ஓவியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் காப்புரிமையாளர். அதாவது நீங்கள் வரைந்த படத்தை நீங்களே பிரின்ட் போட்டு விற்க முடியாது. நாள்காட்டிக்குக் கொடுக்க முடியாது. இன்ஸ்டாகிராமில் போடுவதற்குக்கூட அவர் தடை சொல்லலாம். "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற சொற்களில்தான் உங்கள் வழி இருக்கிறது. ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் எழுதுங்கள்: காப்புரிமை ஓவியரிடம் இருக்கும், வாங்குபவர் படத்தை வீட்டில் மாட்டலாம், குடும்பத்துக்குப் பிரதி எடுக்கலாம், ஓவியர் கண்காட்சியிலும் இணையத்திலும் காட்டலாம், வணிகத்துக்கு யார் பயன்படுத்தினாலும் இன்னொருவர் சம்மதம் வேண்டும். இருவரும் கையெழுத்து. வாடிக்கையாளருக்கு இணையத்தில் போடுவதில் விருப்பமில்லை என்றால் அதையும் எழுதுங்கள், மதியுங்கள்.

காப்புரிமை யாரிடம் போனாலும் ஒன்று உங்களிடமே தங்கும். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, இதை வரைந்தவர் நான் என்று சொல்லும் உரிமையும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றிச் சிதைக்கப்பட்ட தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்காடி, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

போட்டோ ஸ்டுடியோக்காரர் எடுத்த படத்தைப் பார்த்து அப்படியே வரைவதாக இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கல்யாண ஆல்பத்தில் வாடிக்கையாளரே பணம் கொடுத்து எடுத்திருப்பார், சிக்கல் வராது. பத்திரிகையில் வந்த பிரபலத்தின் படத்தை எடுத்து வரைந்து விற்பதில்தான் சிக்கல்.

ஐந்தாம் படி: நேரில் உட்காரவைப்பதும் போட்டோ எடுப்பதும்

முடிந்தவரை ஒருமுறையாவது ஆளை நேரில் பார்த்துவிடுங்கள். முழுப் படத்தையும் நேரில் வரைய இங்கே யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு மணி நேரம் கிடைத்தால் இருபது நிமிடம் பென்சிலில் வரையுங்கள், இருபது நிமிடம் சின்ன அட்டையில் தோல் நிறங்களைக் கலந்து தீற்றிக் குறித்துக்கொள்ளுங்கள், மீதியில் போட்டோ. இந்த நிறக்குறிப்பு அட்டைதான் பிறகு உங்களைக் காப்பாற்றும். போன் கேமரா தோலை அதன் இஷ்டத்துக்குச் சிவப்பாக்கும், வழுவழுப்பாக்கும்.

போனில் எடுக்கும்போது முகத்துக்கு அருகே போகாதீர்கள். அகலக் கோண லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கிக் காதுகளைப் பின்னால் தள்ளும். ஆறேழு அடி தள்ளி நின்று இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூம் வையுங்கள். அழகுபடுத்தும் வசதிகளை அணைத்துவிடுங்கள். பிளாஷ் வேண்டாம். ஒரு பக்க ஜன்னல் ஒளி போதும்.

பேசிக்கொண்டே எடுங்கள். "சிரிங்க" என்றால் வரும் சிரிப்பு யாருடைய முகத்திலும் சொந்தமாக இருக்காது. அவர் வேலையைப் பற்றி, பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். வயதான அம்மாக்களிடம் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் போதும், கண் தானாக விரியும். கைகளையும் தனியாக எடுங்கள். காய்ப்பு காய்த்த கை, மோதிரம் இறுகிய விரல், முந்தானையைப் பிடித்திருக்கும் விதம், இவையெல்லாம் முகத்துக்கு இணையாக ஆளைச் சொல்லும்.

ஆறாம் படி: வரைவது, நடுவில் காட்டுவது

கேன்வாஸை வெள்ளையாக விடாமல் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகத் தேய்த்துவிடுங்கள். மேலே கோடு. கட்டம் போட்டு எடுக்கலாம், அதில் இழிவு எதுவும் இல்லை. அண்ணா சாலையில் கட்டட உயரத்துக்கு முகங்களை நிறுத்திய பேனர் ஓவியர்கள் கட்டம் போட்டே அந்த உயரத்தை எட்டினார்கள். கட்டத்தில் எடுத்த பிறகு, போட்டோவை மூடிவைத்துவிட்டு வரைபடத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள். கோணல் இருந்தால் உடனே தெரியும்.

அடுத்து ஒரே நிறத்தில் வெளிச்சம், நிழல். அம்பரும் வெள்ளையும் போதும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்து நான்கைந்து பெரிய வடிவங்களாக மட்டும் பிரியுங்கள். கண்ணிமை முடி எல்லாம் இப்போது வேண்டாம். இந்த அடிப்படத்திலேயே பத்தடி தள்ளி நின்றால் ஆள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எந்த வண்ணமும் பிறகு காப்பாற்றாது.

இங்கே நிறுத்திவிட்டு வாடிக்கையாளரைக் கூப்பிடுங்கள். பல ஓவியர்கள் முடிந்த படத்தைத் திரை விலக்கிக் காட்டவே விரும்புவார்கள். நான் இதற்கு எதிர்க் கட்சி. ஒற்றை நிறத்தில் இருக்கும்போது முகவாயை அரை அங்குலம் நகர்த்துவது பத்து நிமிட வேலை. வண்ணம் ஏறிய பிறகு அது நான்கு நாள் வேலை. இன்னொன்றும் இருக்கிறது. நடுவில் பார்த்துச் சொன்னவருக்கு அந்தப் படம் தன்னுடையதாகிவிடுகிறது. "நான் சொல்லித்தான் அந்தப் புருவத்தை மாற்றினார்" என்று வருகிற விருந்தாளி எல்லோரிடமும் சொல்வார். சொல்லட்டும். உண்மையும் அதுதானே.

"என்னவோ மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னால் எரிச்சல்படாதீர்கள். அவர்களுக்கு ஓவிய மொழி தெரியாது, ஆனால் அந்த முகத்தை உங்களைவிட முப்பது வருஷம் கூடுதலாகப் பார்த்திருக்கிறார்கள். கண்ணா, வாயா, தாடையா என்று ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துக் காட்டுங்கள். எதை மறைத்ததும் முகம் சரியாகிறதோ அங்கே கோளாறு. பெரும்பாலும் வாய்தான்.

பிறகு வண்ணம். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக. மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் காய்ந்து நாளடைவில் வெடிக்கும். நெற்றியில் மஞ்சள் சாயல், நடு முகத்தில் கன்னம், மூக்கு, காதில் சிவப்பு, ஆண்களுக்குத் தாடைப் பகுதியில் மழித்த தாடியின் சாம்பல் நீலம் என்று பொதுவாக மூன்று பட்டையாக ஓடும். ஓரங்கள் எல்லாவற்றையும் கூர்மையாக வைக்காதீர்கள். பார்வை நிற்க வேண்டிய கண்ணருகே கூர்மை. தோள், முடி, பின்னணி கரையட்டும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவிந்த துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டின்னில் போடுங்கள். அறையில் காற்று ஓடட்டும். டர்பன்டைன் ஆவி தலைவலியோடு நிற்காது.

ஏழாம் படி: மறைந்தவர்களின் படம்

நம் ஊரில் உருவப்பட ஓவியருக்கு வரும் ஆர்டர்களில் இது தனி வகை. கையில் கிடைப்பது பெரும்பாலும் ரேஷன் கார்டு அல்லது வாக்காளர் அட்டைப் படம், கூட்டத்தோடு எடுத்த கல்யாண போட்டோவில் தபால்தலை அளவு முகம், அல்லது ஸ்டுடியோக்காரர் ஏற்கெனவே தொட்டுத் தொட்டுப் பொம்மையாக்கிய படம். கிடைக்கிற எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள், மங்கலானதையும். ஒன்றில் காது கிடைக்கும், ஒன்றில் தோள் சாய்வு. பிறகு பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பாருங்கள். அப்பாவின் நெற்றி மகனிடமும் மூக்கு மகளிடமும் உயிரோடு இருக்கும். அந்த மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து மூக்கின் நிழலை மட்டும் வரைந்துகொள்ளலாம்.

எந்த வயதில் வரைய வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள். மருத்துவமனையில் பார்த்த கடைசி முகத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். வேட்டிக் கரை, திருநீறு, நாமம், சிலுவைச் சங்கிலி, தொப்பி, மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். மூக்குத்தி பக்கம் மாறினால் முழுப் படமும் அந்நியமாகிவிடும். பழைய போட்டோ திருப்பி அச்சிட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, சட்டைப் பொத்தானைப் பார்த்தால் தெரியும். படத்துக்கு மாலை போடுவார்கள், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மாலை விழும் இடம் விட்டு மார்புப் பகுதியை எளிமையாக வையுங்கள். சந்தனம் நேராக வண்ணத்தின் மேல் படாதபடி, படத்தைத் தொடாமல் இடைவெளி விட்ட கண்ணாடிச் சட்டம் போடச் சொல்வது இந்த ஒரு வகைக்கு மட்டும் நல்லது.

போட்டோவே இல்லாதவரையும் சிலர் கேட்பார்கள். வள்ளுவருக்கு ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா தந்த முகம் 1964-இல் சட்டமன்றத்தில் ஏறி, பிறகு பேருந்து, பள்ளி என்று நாடெங்கும் பரவி, இன்று வள்ளுவர் என்றாலே அந்த முகம்தான். கற்பனையில் வரையலாம். ஆனால் இது என் கற்பனை என்று குடும்பத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டு, அவரைப் பார்த்த மூத்தவர்கள் நான்கு பேரைத் தனித்தனியாகக் கேட்டு வரையுங்கள்.

படத்தைப் பார்த்ததும் அழுவார்கள். அப்போது எதுவும் பேசாமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். திருத்தம், மீதிப் பணம் எல்லாவற்றையும் அரை மணி நேரம் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: ஒப்படைப்பது

தொட்டால் ஒட்டாமல் காய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். உள்ளே முழுதாகக் காய மாதங்கள். கடைசி வார்னிஷ் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் கழித்துத்தான். அதனால் "ஆறு மாதம் கழித்து வந்து வார்னிஷ் அடித்துத் தருகிறேன்" என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். அந்த இரண்டாவது வருகையில்தான் அநேகமாக அடுத்த ஆர்டர் கிடைக்கும். படம் அந்த வீட்டில் எப்படி வாழ்கிறது என்றும் பார்ப்பீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரச் சுவரோடு ஒட்டி மாட்டினால் கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் கீழ் மூலைகளில் சின்ன மரத் துண்டு அல்லது கார்க் ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுக்கு வழி விடுங்கள். கேன்வாஸ் தளர்ந்தால் பின்னால் மூலை ஆப்புகளை லேசாகத் தட்டினால் இறுகும். வெயில் நேராக விழும் சுவர், சாமி விளக்கின் புகை படும் இடம், சமையலறை வாசல் மூன்றும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது என்பதையும்.

ஒன்பதாம் படி: நான்கு சுவருக்கு வெளியே

ரவி வர்மா அரண்மனைகளுக்கு உருவப்படம் வரைந்து பேர் வாங்கியவர். கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவ ராவ், இந்தப் படங்களை அச்சிட்டால் சாதாரண மக்களுக்கும் போய்ச் சேருமே என்று அவருக்கு யோசனை சொன்னார். 1894-இல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் தொடங்கினார். அரண்மனைச் சுவருக்கு மட்டும் இருந்த எண்ணெய் ஓவியம் பூஜை அறைக்கும் கடைக்கும் வந்தது. அன்று அச்சகம் தேவைப்பட்டது. இன்று நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு போட்டோ போதும்.

ஆகவே அந்த போட்டோவை ஒழுங்காக எடுங்கள். வெயில் நேராக விழாத வராந்தாவில், காலை ஒன்பது மணி வாக்கில், படத்தை நிமிர்த்தி நிறுத்தி, லென்ஸ் படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும்படி. எண்ணெய் பளபளத்தால் படத்தை முன்பக்கம் சற்றுச் சாய்த்து, அதே அளவு போனையும் சாய்க்கவும். ஓரத்தில் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்யலாம்.

இணையத்தில் போடும்போது முடிந்த படத்தை மட்டும் போடாதீர்கள். கோட்டு வரைபடம், அடிப்படம், வண்ணம் கலந்த தட்டு எல்லாம் மக்களுக்குப் பிடிக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் பாடம். தமிழில் நான்கு வரி எழுதுங்கள்: எந்த ஒளி, எந்த நிறம், எங்கே கஷ்டப்பட்டீர்கள். ஆளின் பெயர், ஊர் போடுவதற்கு முன் கேளுங்கள். குழந்தைகள் படம் என்றால் பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால்கூடப் பெயரையும் பள்ளியையும் விட்டுவிடுவதே நல்லது. பரிசாகக் கொடுக்கப்போகும் படத்தை அந்த நாளுக்கு முன் போட்டு ரகசியத்தை உடைக்காதீர்கள்.

நேரில் காட்டுவதற்கு இணையாக இணையம் வராது. சென்னையில் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையம் இருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்தில், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. தனியாக எடுக்கக் கட்டுப்படி ஆகாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து எடுங்கள். ஊரில் என்றால் கிளை நூலகம், பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழாப் பந்தல், ரோட்டரி மண்டபம். காட்சிக்கூட வாசலை மிதிக்கத் தயங்குகிறவர்கள் நூலகத்தில் தயங்காமல் நின்று பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வையாளர்கள்தான் மிகப் பிடித்தவர்கள். படத்தை உயரத்தில் மாட்டாதீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடியில் இருக்கட்டும். ஓரமாக உட்கார்ந்து வருகிறவர்களின் முகத்தைப் பத்து நிமிடத்தில் கரித்துண்டால் வரைந்து கையிலேயே கொடுங்கள். அந்தத் தாள் வீட்டுக்குப் போய்ப் பத்துப் பேரிடம் பேசும்.

வாரம் ஒருநாள் சொல்லிக்கொடுப்பதும் பகிர்வதுதான். பிள்ளைகளுக்கு அச்சுப் படத்தைப் பார்த்து வரைய வைக்காமல், ஒருவரை ஒருவர் எதிரே உட்கார்ந்து வரைய வையுங்கள். மாதம் ஒருமுறை முதியோர் இல்லத்துக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள். அங்கே இருப்பவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது. தன் முகத்தை ஒருவர் அரை மணி நேரம் கவனமாகப் பார்ப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று போனால்தான் தெரியும். வரைந்ததை அவர்களிடமே கொடுத்துவிட்டு வரவேண்டும்.

பத்தாம் படி: பதிவேடு

உருவப்படங்கள் நம்மிடம் தங்காது. அதனால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் உங்கள் பெயர், வருஷம், ஆளின் பெயர், பயன்படுத்திய பொருள், வார்னிஷ் அடித்த தேதி எல்லாவற்றையும் சட்டக் கட்டையில் எழுதுங்கள். கேன்வாஸ் துணியின் மேல் எழுதினால் முன்பக்கம் ஊறித் தெரியலாம். தடித்த நோட்டு ஒன்றில் படத்தின் சின்ன போட்டோ, அளவு, விலை, யார் வீட்டில் இருக்கிறது, காட்சிக்கு இரவல் தரச் சம்மதமா என்று குறித்துவையுங்கள். ஒப்பந்தத் தாளையும் அதிலேயே ஒட்டுங்கள். காப்புரிமை ஓவியரின் ஆயுளுக்குப் பின் 60 வருஷம் நீள்கிறது. அந்த நோட்டு உங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். என்றாவது தனிக் கண்காட்சி வைக்க நினைக்கும்போது, நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, பத்து நாளைக்கு அப்பா படத்தைத் தர முடியுமா என்று கேட்கலாம். தருவார்கள். திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு வந்து தங்கள் படத்தின் பக்கத்திலேயே நிற்கவும் செய்வார்கள். போக்குவரத்துச் செலவும் வழியில் நேரும் சேதத்துக்கான பொறுப்பும் உங்களுடையது என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.